கணக்கில் வராத அடி

கூடைப்பந்து நடுவர்களுக்கான அடுத்த பயிற்சி முகாமைச் சென்னையிலோ கோவையிலோ நடத்த வேண்டாம், ஜவ்வாது மலையில் நடத்துங்கள் என்று சம்பந்தப்பட்ட அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். வழவழக்கும் மரத்தரை, கண்ணாடிப் பலகை, மின்னணுக் கடிகாரம் எதுவும் வேண்டியதில்லை. விதிப்புத்தகத்தின் 25-ஆம் விதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மலையேறினால் போதும். பந்தை வைத்திருப்பவர் எத்தனை அடி வைக்கலாம், எந்தக் காலை எப்போது தூக்கலாம், எந்த அடிக்கு விசில் ஊதுவது, எந்த அடிக்கு விசிலை வாயில் வைத்துக்கொண்டே வேறு பக்கம் பார்ப்பது என்று உலகம் முழுக்க நடுவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தும் இருவர் ஒரே தீர்ப்புச் சொல்வதில்லை. ஜவ்வாது மலையில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே யாரும் காலைப் பார்ப்பதில்லை. கால் யாருடையது என்று பார்ப்பார்கள், தீர்ப்பு தானாக வந்துவிடும். 1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்த நாளிலிருந்து விசில் ஊதிப் பழகிய துறை ஒன்று அங்கே இருக்கிறது. அதைவிட அனுபவம் உள்ள நடுவர் குழு ஆசியாவிலேயே கிடைக்காது.

ஆட்டம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பந்தோடு நின்றுவிட்ட ஆட்டக்காரர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலை எந்தப் பக்கமும் எடுத்து வைக்கலாம், சுற்றலாம், போக்குக் காட்டலாம். ஊன்றிய கால்தான் பிவட் கால். அது இடம் பெயரக் கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்புவதென்றால், பிவட் கால் தரையை விட்டு எழும் முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். எறிவதற்காகக் காலைத் தூக்கலாம், ஆனால் தூக்கிய கால் தரைக்குத் திரும்புவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இதில் எது பிசகினாலும் நடுவர் இரண்டு முஷ்டிகளையும் ஒன்றையொன்று சுற்றும்படி உருட்டிக் காட்டுவார், பந்து எதிரணிக்குப் போய்விடும். மைதானத்தில் இதற்கு டிராவல் என்று பெயர். மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டி ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். "சார், டிராவல் சார்!" என்று ஒரு பக்கம் கூப்பாடு, "கிளீன் சார்!" என்று மறுபக்கம் கூப்பாடு. நடுவில் வியர்வையோடு நிற்கிற பி.இ.டி. சாருக்கு எந்தப் பள்ளிக்கூடம் யாருடையது என்ற நினைப்பும் கூடவே ஓடும்.

இந்தக் குழப்பம் ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி மாட்டினார். மூன்றாவது விதி, பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்றது. வேகமாக ஓடிவரும்போது பந்தைப் பிடித்தவர் நிற்க முயன்றால் அவருக்குச் சலுகை உண்டு என்றும் அதே விதி சொன்னது. எத்தனை அடிக்குச் சலுகை? நெய்ஸ்மித் எழுதவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு உடற்கல்வி ஆசிரியர்களின் விசில் பரம்பரை அங்கிருந்து வருகிறது. ஆகவே சலுகையை நடுவர் பார்த்துக்கொள்வார் என்கிற ஞானமும் நமக்கு நேரடி இறக்குமதி.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் நட்சத்திரங்கள் பந்தை எடுத்த பிறகு தாராளமாக இரண்டு அடி வைத்துக் கூடைக்குப் போனார்கள். நடுவர்கள் ஊதவில்லை. கூட்டம் டிக்கெட் வாங்கி வந்தது நடுவரின் முஷ்டியைப் பார்க்க இல்லையே. அந்த வழக்கத்தை 2009-இல்தான் என்.பி.ஏ. தன் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதிவைத்தது. 2017 அக்டோபரில் உலகக் கூட்டமைப்பான ஃபிபாவும் இறங்கி வந்தது. ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் சேர்க்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது, அதன் பிறகுதான் ஒன்று, இரண்டு. கணக்கில் சேராத அந்த அடிக்குப் பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் பெயர் பூஜ்ய அடி. கண்ணுக்கு மூன்று அடி, புத்தகத்துக்கு இரண்டு. எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை, ஆட்டம் அழகாகத்தான் ஆகியிருக்கிறது. முதலில் பெரிய கால்கள் விதியை மீறும், பிறகு விசில் மௌனமாகும், பிறகு விதியே திருந்திக்கொள்ளும் என்ற வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் தேவைப்படும்.

முகாமின் முதல் நாள், வேலூர் பக்கமிருந்து, அணைக்கட்டு வழியாக மலையேற வேண்டும். அல்லேரி என்ற மலைக்கிராமம், அதைச் சேர்ந்த அத்திமரத்துக்கொல்லை. 2023 மே மாதக் கடைசியில் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு கடித்தது. அன்று வண்டி போகும் சாலை இல்லை. தூக்கிக்கொண்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியது. தாய் அந்த உடலைக் கைகளில் ஏந்தியபடி நடந்தே ஏறினார். பத்துக் கிலோமீட்டர் என்று சில பத்திரிகைகள் எழுதின, ஆறு என்று சில எழுதின. நடுவர் நண்பர்களே, அடி எண்ணும் பயிற்சியை இங்கே தொடங்குங்கள். கையில் இருப்பது பந்தாக இல்லாதபோது எத்தனை அடி வைக்கலாம் என்று உங்கள் புத்தகத்தில் எங்காவது இருக்கிறதா பாருங்கள்.

சாலை ஏன் இல்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். காப்புக்காடு சார், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் சார், ஃபைல் போயிருக்கு சார். பிவட் கால் துளி அசைந்தாலும் காடு அழிந்துவிடும் என்ற கவலையில் துறைக்குத் தூக்கமே வருவதில்லை. மெச்சுகிறேன். ஆனால் விதிப்புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை என்று 13 வகைத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், 1980-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்காமல் பயன்படுத்தலாம். கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், டெல்லிக்கு ஃபைல் போக வேண்டியதில்லை. மூன்று மீட்டர் அகலத்தில் போட்டால் ஒரு ஹெக்டேருக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் சாலை வரும். மலைச்சாலை அதைவிட நீளம் என்றால் மீதிக்கு வழி தேடுவதுதான் அதிகாரியின் வேலை. அதற்குத்தான் சம்பளம். மலைக்காரனுக்கு என்று சட்டம் எழுதிவைத்த பூஜ்ய அடி இது. எழுதி இருபது ஆண்டு ஆகப் போகிறது, அந்தப் பக்கத்தை நம் நடுவர்கள் இன்னும் புரட்டவில்லை. அமெரிக்காவில் நட்சத்திரம் முதலில் அடி வைத்தான், விதி பின்னால் ஓடி வந்தது. இங்கே விதி முன்னால் வந்து காத்திருக்கிறது, விசில்தான் குறுக்கே நிற்கிறது.

அந்தக் குழந்தை இறந்த அதே 2023-இல், ஆகஸ்டு மாதம், நாடாளுமன்றம் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. அரசு நடத்தும் விலங்குக் காட்சிசாலை, சஃபாரி, திட்டத்தில் சேர்த்த சூழல் சுற்றுலா ஆகியவை இனிமேல் காட்டுக்குப் புறம்பான காரியங்கள் ஆகாது என்று எழுதிக்கொண்டார்கள். சிறுத்தையைப் பார்க்கக் குடும்பத்தோடு ஜீப்பில் போகிறவருக்குப் பாதை சுத்தம், கிளீன் சார். பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு டிராவல்.

நடுவருக்குக் கண் முக்கியம் என்பார்கள். ஜவ்வாது மலையின் கண் உலகப் புகழ் பெற்றது. காவலூரில் இருக்கும் வானாய்வகத்திலிருந்து 1977 மார்ச்சில், யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, அதைச் சுற்றி வளையம் இருப்பதன் தடயத்தைப் பிடித்தார்கள். இருநூற்று எழுபது கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது இந்த மலைக்குத் தெரிந்தது. இன்று 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியும் அங்கேதான். விஞ்ஞானிகளைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் மேலே பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர்கள். அதே மலையில் கீழே பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு.

இரண்டாம் நாள் பாடம் பிவட் கால். ஜவ்வாது மலைவாசிகளில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டியல் பழங்குடிகளின் பட்டியலில் மலையாளி என்று எழுதி, பக்கத்திலேயே மாவட்டங்களின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. ஜவ்வாது மலை பழைய வட ஆற்காட்டில் இருந்ததால் தப்பித்தது. அந்தியூர் பக்கம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளும் இதே மக்கள்தான், ஆனால் அந்த மலை பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு ஈரோட்டுக்குப் போனது. பட்டியலில் கோயம்புத்தூரும் இல்லை, ஈரோடும் இல்லை. அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. சேலம் மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு காலை வைத்தால் ஆதிவாசி, அந்தக் காலை எடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்தால் டிராவல். வட ஆற்காடு என்று ஒரு மாவட்டமே இப்போது கிடையாது, அதை வெட்டி வெட்டி வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்தாயிற்று. மாவட்டம் நாலாக உடைந்து நகரலாம், விசில் கிடையாது. மனிதன் மட்டும் ஊன்றிய காலை ஊன்றியபடி எழுபது வருடம் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் மட்டும் என்ன? பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் தாசில்தாருக்குக் கிடையாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ போட வேண்டும். விசாரணை, நேர்காணல், மறு விசாரணை. கல்லூரியில் சேரும் தேதி நடுவருக்காகக் காத்திருக்காது.

இந்த இடத்தில் மலையிலிருந்து ஒரு நிமிடம் கோட்டைக்கு இறங்குவோம், நல்ல ஃபுட்வொர்க் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டியிருக்கிறது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. ஒருவர் தாவினால் பதவி போகும், மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் போகாது என்றார்கள். 2003-இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணைந்தால் மட்டும் தப்பு இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். தனி ஆள் நகர்ந்தால் டிராவல், அணியே மைதானத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஆட்டம் தொடரும். 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியின் 11 உறுப்பினர்கள் தங்கள் அரசுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது, சபாநாயகருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. அந்த 11 பேரில் ஒருவர் ஆகஸ்டில் துணை முதலமைச்சரானார். அதே ஆகஸ்டில் வேறு சிலர் முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் மட்டும் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேருடைய பதவி பறிபோனது. 11 பேர் விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் சுற்றிவிட்டுச் சபாநாயகரிடமே திரும்பி வந்தது. ஆட்டத்தின் நேரமும் முடிந்தது. இந்த 18-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தெரிந்த நடுவருக்கு நேராக ஒலிம்பிக் பேட்ஜ் கொடுத்துவிடலாம்.

சரி, மலைக்கே திரும்புவோம். மூன்றாம் நாள் பாடத்துக்குப் பேருந்தில் ஏறி எல்லை தாண்ட வேண்டும்.

ஜவ்வாது மலையில் விளைவது சாமை, கொள்ளு, கொஞ்சம் நெல். காட்டில் புளி, தேன், கடுக்காய். மழையை நம்பிய வெள்ளாமை முடிந்துவிட்டால் வேலை கிடையாது. கேரளத்துக்கும் கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் போவார்கள். ஆந்திரத்துக்கும் போவார்கள். சேஷாசலம் காடுகளில் செம்மரம் இருக்கிறது. உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் மரம். மலைக்கு ஏஜென்டு வருவான், முன்பணம் கொடுப்பான், மரம் வெட்டத்தான் கூப்பிடுகிறான் என்று சிலரிடம் சொல்வான், சிலரிடம் சொல்லமாட்டான்.

2015 ஏப்ரல் 7 விடியற்காலையில், திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், இரண்டு இடங்களில், ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள், பலர் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப்பக்கத்தவர்கள். அவர்கள் கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். 20 பேர் செத்தார்கள், ஒருவன்கூடக் காயத்தோடு பிடிபடவில்லை. தற்காப்பில் அப்படி ஒரு துல்லியம். உடல்களின் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பழைய பெயின்ட் அடையாளம் இருந்ததைப் பார்த்தவர்கள் எழுதினார்கள், ஏற்கெனவே பறிமுதல் செய்த கட்டைகளைக் கொண்டுவந்து போட்டதாக உண்மையறியும் குழுவினர் சந்தேகித்தார்கள். முதல் நாள் தன்னோடு பேருந்தில் வந்தவர்களைப் போலீஸ் இறக்கிக்கொண்டு போனது என்று ஒருவர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வந்து சொன்னார். தான் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் குடும்பத்தோடு போகிறவன் என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்றார். அவருடைய இருக்கை எண் மாறியிருந்தால் 21.

2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, அந்தக் கொலைக்குச் சமாதானம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கொலைக்கு நீதிமன்றம் இருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு நீதிமன்றம் இல்லாமல் போனது எப்படி என்பதுதான் பாடம்.

கூடைப்பந்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சூட்சுமம் உண்டு. பந்தைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் அடிக்கணக்கு. பந்துக்குக் கணக்கு கிடையாது. ஒருவன் எறிய இன்னொருவன் பிடிக்க, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பந்து பறக்கலாம். சேஷாசலத்துச் செம்மரம் இந்தச் சூட்சுமத்தில் தேறியது. காட்டிலிருந்து அடிவாரம், அடிவாரத்திலிருந்து லாரி, லாரியிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கன்டெய்னர், சென்னைத் துறைமுகம், கப்பல், சீனம். ஒவ்வொரு கையிலும் ஒரு நொடிதான் இருக்கும், எந்தக் கையிலும் இரண்டாவது அடி கிடையாது. அருமையான பாஸிங். எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை சுங்க முத்திரை, எத்தனை கையெழுத்து! டன் கணக்கில் கட்டை கடல் தாண்டியது. முஷ்டியை உருட்ட ஆள் இல்லை. வெட்டப் போனவன், வெட்டப் போகக் கூடும் என்று கருதப்பட்டவன், தமிழ் பேசிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தவன், இவர்களுக்குத்தான் விசில். கூடைப்பந்தில் டிராவலுக்குத் தண்டனை பந்து கைமாறுவது. இங்கே தண்டனை நெற்றியிலும் மார்பிலும்.

அதோடு முடிந்ததா? 2016 ஆகஸ்டில் சென்னையிலிருந்து திருப்பதி போன ரயிலில் வந்த 32 தமிழர்களை ரேணிகுண்டாவில் பிடித்துச் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று வழக்குப் போட்டார்கள். ரயிலில் மரம் இல்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன, கல்வராயன் மலைக்காரர்கள். அதற்கு விசில்கூட ஊதவில்லை, ஏரியே பார்த்துக்கொண்டது. 20 பேர் கொலையில் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுங்கள் என்று மனித உரிமை ஆணையம் சொன்னபோது ஆந்திர அரசு நீதிமன்றத்துக்குப் போய் எதிர்த்தது. விசாரிக்கச் சிறப்புக் குழுவையும் அதே அரசுதான் அமைத்தது. தன் விசிலைத் தானே ரீப்ளே போட்டுப் பார்க்கும் நடுவரை வேறு எந்த விளையாட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

நம் பக்கத்து ரீப்ளே வேகம் தெரிய வேண்டுமானால் பக்கத்து மலையடிவாரம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது, அதற்குள் அவர்களில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். மூன்று துறை நடுவர்களே மைதானத்தில் இறங்கி அடித்த ஆட்டத்துக்குத் தீர்ப்பு உறுதியாக 31 ஆண்டு. அமெரிக்காவில் ஒரு லே-அப்பை மறுபார்வை பார்க்க இரண்டு நிமிடம் ஆனால் கூட்டம் கூச்சல் போடுகிறது.

கடைசி நாளுக்கு 25-ஆம் விதியில் எனக்கு மிகவும் பிடித்த உட்பிரிவை ஒதுக்கியிருக்கிறேன். பந்தோடு தரையில் விழுந்துவிட்ட ஆட்டக்காரரைப் பற்றியது. விழுவது தப்பு இல்லை. விழுந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டு போவதும் தப்பு இல்லை. விழுந்து கிடக்கும்போது பந்து கைக்கு வந்தாலும் தப்பு இல்லை. பந்தை வைத்துக்கொண்டு உருண்டாலோ எழுந்து நிற்க முயன்றாலோதான் டிராவல். விழலாம், சறுக்கலாம், எழக் கூடாது. இதை எழுதியவர் ஜவ்வாது மலைப்பக்கம் வந்ததே இல்லை என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

மலைக்காரர்களை 1882-லிருந்து தள்ளி விழவைத்தாயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சறுக்கியும் ஆயிற்று. அதையெல்லாம் யாரும் தடுக்கவில்லை. 2006-இல் நாடாளுமன்றமே இது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகப்பிலேயே எழுதி, உழுத நிலத்துக்கு உரிமை கேட்கலாம் என்றது. கேட்க எழுந்தார்கள். 2008 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டில் யாருக்கும் உரிமைப் பட்டா கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. இடைக்காலம் 2016 வரை நீண்டது. மற்ற மாநிலங்களில் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகளும் இங்கே மனுக்கள் அலமாரியில் படுத்திருந்தன. அதே எட்டு ஆண்டுகளில் மலைக்கு அரசு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடத்தும் அரசுக்கு மலையேறும் வழி நன்றாகவே தெரியும்.

தடை போன பிறகு? அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைப் படியுங்கள், தமிழிலேயே கிடைக்கிறது. யாருக்கு எவ்வளவு உரிமை என்று தீர்மானிக்கும் வேலையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு. மனு வாங்குவது, சரிபார்ப்பது, வரைபடம் போடுவது, தீர்மானம் நிறைவேற்றுவது எல்லாம் சபையின் வேலை. பரிசீலனை முடியாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது 4(5). அதாவது சட்டப்படி முதல் விசில் மலைக்காரன் கழுத்தில்தான் தொங்க வேண்டும், வனத்துறை கோட்டுக்கு வெளியே மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுத வேண்டிய ஆள். நடப்பில் என்ன நடக்கும் என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார். சபை கூடித் தீர்மானம் போட்டு, நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் விடிவதற்கு முன்பே இறங்கி வந்து அலுவலக வாசலில் நிற்பார்.

"என்னப்பா?"

"சார், தீர்மானம் கொண்டாந்திருக்கேன்."

"ரேஞ்சர் கேம்ப் போயிருக்காரு. அடுத்த வாரம் வா."

வயதில் இவர் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அப்பா முறை இருப்பார். போன வாரமும் இதையேதான் சொன்னீங்க சார் என்று வாய் வரை வரும், கேட்கமாட்டார். மறுபடியும் வர வேண்டும் அல்லவா? கேம்ப் போன அதிகாரிக்குக் கிலோமீட்டர் கணக்கிட்டுப் பயணப்படி உண்டு. அந்த பில்லில் மட்டும் யாரும் ஓர் அடியைக்கூட விடாமல் எண்ணி, அடுத்த மாதச் சம்பளத்துக்குள் பாஸ் பண்ணிவிடுவார்கள்.